பல்கலைக்கழகச் செலவு: உங்கள் கேள்விகளும் பதில்களும்

(பதில்களில் வரும் தொகைகள் 2025-26 கல்வியாண்டுக்கானவை. தனியாகச் சொல்லாத இடத்தில் எல்லாம், இங்கிலாந்தில் வசிக்கும் மாணவர்களுக்கான விதிகள்.)

மகளுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. ஆண்டுக்கு 9,535 பவுண்டு கட்டணம். பிள்ளை கடனோடு வாழ்க்கையைத் தொடங்க வேண்டாம் என்று, நகைகளை விற்றும் வீட்டுக் கடனைக் கூட்டியும் மூன்று ஆண்டுக் கட்டணத்தை நாங்களே கட்ட நினைக்கிறோம். செய்யலாமா?
– ஈஸ்ட்ஹாம் வாசகி

அவசரப்பட்டு நகையை விற்காதீர்கள் அம்மா. முதலில் இந்தக் கடன் எப்படிப்பட்டது என்று பாருங்கள்.

கட்டணத்துக்காக அரசு மாணவருக்குத் தரும் டியூஷன் ஃபீ லோன் உங்கள் கைக்கோ மகள் கைக்கோ வராது. நேரே பல்கலைக்கழகத்துக்குப் போய்விடும். பெற்றோரின் வருமானத்தை இதற்குப் பார்ப்பதில்லை. தகுதியுள்ள எல்லாருக்கும் முழுக் கட்டணமும் கிடைக்கும். கடன் மகளின் பெயரில் மட்டும். நீங்கள் பிணை நிற்கவில்லை, உங்கள் வீட்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

2023 ஆகஸ்டுக்குப் பிறகு படிப்பைத் தொடங்கியவர்கள் 'பிளான் 5' திட்டத்தில் வருவார்கள். படிப்பு முடிந்த அடுத்த ஏப்ரலில்தான் திருப்பிக் கட்டும் காலம் தொடங்கும். அப்போதும் ஆண்டு வருமானம் 25,000 பவுண்டைத் தாண்டினால் மட்டுமே கட்ட வேண்டும். தாண்டிய தொகையில் 9 சதவீதம். மொத்தச் சம்பளத்தில் அல்ல. மகள் 30,000 பவுண்டு சம்பளத்தில் சேர்ந்தால் மாதம் 2,500. அதில் 25,000இன் மாதப் பங்கான 2,083 போக மிஞ்சுவது சுமார் 417. அதன் 9 சதவீதம், பே ஸ்லிப்பில் 37 பவுண்டாகப் பிடிக்கப்படும். கடன் 28,000 ஆனாலும் 60,000 ஆனாலும் அந்த 37 மாறாது. வேலை போனால் பிடித்தமும் நின்றுவிடும். 40 ஆண்டு கழித்து மிச்சமிருப்பது தள்ளுபடி.

வட்டி இல்லை என்று சொல்ல மாட்டோம். முதல் தவணை போன நாளிலிருந்தே சில்லறை விலைக் குறியீட்டு வீதத்தில் வட்டி ஏறும். 2025 செப்டம்பரிலிருந்து அது 3.2 சதவீதம். 40 ஆண்டு என்பது நீண்ட காலம், ஆகவே நல்ல சம்பளம் வாங்குபவர்கள் பெரும்பாலும் முழுவதையும் வட்டியோடு கட்டி முடிப்பார்கள். கையில் சும்மா கிடக்கும் பணம் இருந்து, மகள் பெரிய சம்பளத்துக்குப் போவது உறுதி என்றால் முன்கூட்டிக் கட்டுவதில் நியாயம் உண்டு. நகையை விற்று, வீட்டுக் கடனைக் கூட்டிக் கட்டுவதில் இல்லை. வீட்டுக் கடன் தவணை தவறினால் வங்கி வீட்டுக்கே வரும். இந்தக் கடனில் சம்பளம் இல்லாவிட்டால் யாரும் கதவைத் தட்டுவதில்லை. தவிர, முன்கூட்டி வலிந்து கட்டிய பணம் திரும்பி வராது. கடனை எப்போது வேண்டுமானாலும் அடைக்கலாம் என்பதால், இன்று எடுத்துவிட்டு, மகளின் சம்பளத்தைப் பார்த்து ஐந்தாறு ஆண்டு கழித்து முடிவு செய்தால் போதும்.

இந்தக் கடன் கிரெடிட் ரிப்போர்ட்டில் வருவதில்லை. பின்னாளில் மகள் வீடு வாங்கப் போகும்போது மாதப் பிடித்தத்தை மட்டும் வங்கி செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளும்.

நகையைக் காப்பாற்றி வைக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. பெற்றோரின் கையை உண்மையில் கடிப்பது கட்டணம் அல்ல, வாடகை. அடுத்த பதிலைப் படியுங்கள்.

எனக்குச் சிறிய கடை. மனைவி பகுதி நேர வேலை. இருவருக்கும் சேர்த்துச் சுமார் 45,000 பவுண்டு. மகன் லெஸ்டருக்குப் போய் விடுதியில் தங்கப் போகிறான். செலவுக்கு எவ்வளவு கடன் கிடைக்கும்? வீட்டில் வேலைக்குப் போகும் மூத்தவனின் சம்பளத்தையும் காட்ட வேண்டுமா?
– ஹாரோ வாசகர்

மூத்தவரின் சம்பளம் வேண்டாம். தாத்தா பாட்டியின் பென்ஷனும் வேண்டாம். கணக்கில் வருவது பெற்றோர் இருவரின் வருமானம் மட்டும். பிரிந்து வாழ்பவர்கள் என்றால் பிள்ளை யாருடன் இருக்கிறதோ அவருடையதும், அவருடன் வாழும் துணை இருந்தால் அவருடையதும்.

வாழ்க்கைச் செலவுக்கான மெயின்டனன்ஸ் லோனின் உச்சத் தொகை மூன்று வகை: பெற்றோர் வீட்டிலிருந்து போய்ப் படித்தால் 8,877, வெளியே தங்கி லண்டனுக்கு அப்பால் படித்தால் 10,544, வெளியே தங்கி லண்டனில் படித்தால் 13,762 பவுண்டு. குடும்ப வருமானம் 25,000க்குள் இருந்தால் இந்த உச்சத் தொகை கிடைக்கும். அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு ஏழு பவுண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரு பவுண்டு குறையும். உங்கள் 45,000க்கு லெஸ்டரில் சுமார் 7,500 வரும். வருமானம் எவ்வளவு உயர்ந்தாலும் 4,915க்குக் கீழே போகாது.

உச்சத் தொகைக்கும் உங்களுக்குக் கிடைப்பதற்கும் நடுவே ஏறத்தாழ 3,000 பவுண்டு இருக்கிறதல்லவா, அதைப் பெற்றோர் போடுவார்கள் என்பது அரசின் எதிர்பார்ப்பு. ஆனால் அனுமதிக் கடிதத்தில் 'நீங்கள் இவ்வளவு போட வேண்டும்' என்று எங்கும் எழுதியிருக்காது. அதனால் பல வீடுகளில் அக்டோபரில்தான் அதிர்ச்சி. இது சரியல்ல என்பது எங்கள் உறுதியான கருத்து. அந்தக் கழித்தலை நீங்களே இப்போதே போட்டு வையுங்கள்.

வருமானக் கணக்கில் கடைக்காரர்கள் அடிக்கடி செய்யும் தவறு, கடையின் மொத்த விற்பனையைப் போடுவது. வேண்டியது நீங்கள் தாக்கல் செய்யும் வரிக் கணக்கில் (செல்ஃப் அசெஸ்மென்ட்) உள்ள லாபம். கடை லிமிடெட் கம்பெனியாக இருந்தால் சம்பளமும் டிவிடென்டும். மனைவிக்கு, வேலை தருபவர் வரி ஆண்டு முடிவில் கொடுக்கும் பி60 படிவத்தில் உள்ள, வரி பிடிப்பதற்கு முந்தைய தொகை. வங்கி வட்டியும், ஊரில் உள்ள வீட்டுக்கு வரும் வாடகையும் பவுண்டாக மாற்றிச் சேர வேண்டும். அரசு உதவித்தொகைகளான சைல்ட் பெனிஃபிட்டும் யூனிவர்சல் கிரெடிட்டும் சேராது.

கழிக்க வேண்டியதை மறந்துவிடாதீர்கள். தனியார் பென்ஷனுக்கு நீங்கள் கட்டியது கழியும். உங்களைச் சார்ந்திருக்கும் மற்ற ஒவ்வொரு பிள்ளைக்கும் 1,130 பவுண்டு கழியும். பென்ஷனுக்கு 2,000 கட்டியிருந்து இளைய பிள்ளைகள் இருவர் இருந்தால், 45,000 என்பது 40,740 ஆகிவிடும். மகனுக்கு அதனால் ஆண்டுக்கு 600 பவுண்டுக்கு மேல் கூடும். விண்ணப்பத்தில் இவற்றுக்கான கட்டத்தை வெறுமையாக விட்டால் இழப்பு அவருக்குத்தான்.

எந்த ஆண்டு வருமானம் என்பதிலும் கவனம் தேவை. 2025-26க்குப் பார்ப்பது 2023-24 வரி ஆண்டு. அதற்குப் பிறகு வியாபாரம் படுத்து, வருமானம் 15 சதவீதமோ அதற்கு மேலோ குறைந்திருந்தால் நடப்பாண்டு வருமானத்தை வைத்துக் கணக்கிடும்படி கேட்கலாம். ஆண்டு முடிந்ததும் உண்மைக் கணக்கைக் காட்ட வேண்டும். நீங்கள் சொன்னதைவிடக் கூடுதலாகச் சம்பாதித்திருந்தால் மிகையாகப் போன பணத்தைத் திரும்பக் கேட்பார்கள். ஆகவே மதிப்பீட்டைக் குறைத்துப் போடாதீர்கள்.

அண்ணன் மகனுக்குப் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இருக்கிறது, வளர்ந்தது சென்னையில். இங்கே வந்து சேர்ந்தால் கடன் கிடைக்குமா?
– கிராய்டன் வாசகி

பாஸ்போர்ட் மட்டும் போதாது. படிப்பின் முதல் கல்வியாண்டு தொடங்கும் நாளுக்கு முந்தைய மூன்று ஆண்டும் அவர் பிரிட்டனில் வழக்கமாக வசித்திருக்க வேண்டும். அந்த வசிப்பு படிப்புக்காக மட்டுமே என்றும் இருக்கக் கூடாது. இங்குள்ள போர்டிங் பள்ளியில் சேர்த்து மூன்று ஆண்டை நிரப்பும் யோசனை பலிக்காது. இல்லாவிட்டால் கடனும் கிடைக்காது, வெளிநாட்டு மாணவருக்கான கட்டணமும் விழும். அது பல மடங்கு.

ஒரு விலக்கு உண்டு. பெற்றோர் தற்காலிக வேலைக்காக வெளிநாடு போய், பிள்ளையும் உடன் இருந்திருந்தால் அவர் தற்காலிகமாக வெளியே இருந்ததாகக் கருதப்படலாம். காலக்கெடு உள்ள வேலை ஒப்பந்தம், இங்கே விற்காமல் வைத்திருந்த வீடு, இடையிடையே வந்துபோன பயணங்கள் ஆகியவற்றின் ஆதாரங்களைத் திரட்டுங்கள். கட்டண வகையைப் பல்கலைக்கழகமும், கடன் தகுதியை, மாணவர் கடனை வழங்கும் அரசு அமைப்பான ஸ்டூடன்ட் ஃபைனான்ஸும் தனித்தனியாக முடிவு செய்வார்கள். ஒன்றில் தேறியதால் மற்றதிலும் தேறிவிட்டதாக நினைக்க வேண்டாம்.

முதல் டேர்மிலேயே கம்ப்யூட்டர் படிப்பு பிடிக்கவில்லை. விட்டுவிட்டு அடுத்த ஆண்டு வேறு பாடத்தில் சேர்ந்தால் கடன் கிடைக்குமா?
– பர்மிங்ஹாம் மாணவர்

கிடைக்கும், தம்பி. கணக்கு இதுதான்: புதிய படிப்பின் ஆண்டுகளோடு ஒன்றைக் கூட்டி, ஏற்கெனவே படித்த ஆண்டுகளைக் கழிக்க வேண்டும். மூன்றாண்டுப் படிப்பு என்றால் 3+1−1=3, முழுவதற்கும் கட்டணக் கடன் உண்டு. ஒரு மாதமே படித்திருந்தாலும் அது ஓராண்டாகவே எண்ணப்படும். இரண்டு ஆண்டு படித்துவிட்டு மாறினால் மிஞ்சுவது இரண்டு. புதிய படிப்பின் முதல் ஆண்டுக் கட்டணத்தைக் கைப்பணத்தில் கட்ட வேண்டியிருக்கும். நோய் போன்ற காரணத்தால் விட்டிருந்தால், மருத்துவர் கடிதத்தோடு கூடுதலாக ஓராண்டு கேட்கலாம்.

விடுவது என்று முடிவானால் தேதியைப் பாருங்கள். கட்டணக் கடன் மூன்று டேர்மிலும் 25, 25, 50 சதவீதமாகப் போகிறது. முதல் டேர்மில் விலகினால் 2,383 பவுண்டு 75 பென்ஸ் கடன். இரண்டாம் டேர்ம் தொடங்கிய பின் விலகினால் அதைப் போல இரு மடங்கு. வகுப்புக்குப் போகாமல் இருப்பது விலகல் ஆகாது. பல்கலைக்கழகத்துக்கு எழுத்தில் கொடுத்து, அவர்கள் ஸ்டூடன்ட் ஃபைனான்ஸுக்குத் தெரிவித்த தேதியை உறுதி செய்துகொள்ளுங்கள். விலகிய நாளுக்குப் பிந்தைய காலத்துக்காக வாங்கிய மெயின்டனன்ஸ் பணம், 9 சதவீதக் கணக்கில் வராமல் உடனே திருப்பிக் கேட்கப்படலாம்.

ஸ்காட்லாந்தில் பல்கலைக்கழகம் இலவசம் என்கிறார்களே, மகளை எடின்பரோவுக்கு அனுப்பலாமா?
– லூட்டன் வாசகர்

ஸ்காட்லாந்தில் வசிப்பவர்களுக்குத்தான் இலவசம். உங்கள் மகளுக்கு அங்கும் 9,535 வரை கட்டணம் உண்டு. ஹானர்ஸ் பட்டம் அங்கே பெரும்பாலும் நான்கு ஆண்டு என்பதால் ஓராண்டு வாடகையும் கூடும்.

நர்சிங் படிப்புக்குத் தனி உதவி உண்டா?
– டூட்டிங் வாசகி

உண்டு. இங்கிலாந்தில் நர்சிங், மிட்வைஃப் படிப்புகளுக்கு தேசிய சுகாதார சேவையின் (என்எச்எஸ்) லேர்னிங் சப்போர்ட் ஃபண்டிலிருந்து ஆண்டுக்கு 5,000 பவுண்டு கிடைக்கும். கடன் அல்ல, மானியம். பெற்றோர் வருமானத்தைப் பார்ப்பதில்லை. மெயின்டனன்ஸ் லோனும் குறையாது. ஸ்டூடன்ட் ஃபைனான்ஸ் விண்ணப்பத்தோடு இது தானாக வராது. ஒவ்வோர் ஆண்டும் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

எப்போது விண்ணப்பிப்பது? போன ஆண்டு உறவுக்காரப் பையனுக்கு அக்டோபர் முடிந்தும் பணம் வரவில்லை.
– ரெடிங் வாசகர்

மே நடுப்பகுதிக்குள் அனுப்புங்கள். இடம் உறுதியாகும் வரை காத்திருக்க வேண்டாம். விருப்பமான படிப்பைப் போட்டுவிட்டு ஆகஸ்டில் ரிசல்ட்டுக்குப் பின் மாற்றிக்கொள்ளலாம்.

பணம் நிற்பதற்கு வழக்கமான காரணங்கள் சில. மாணவர் தன் பங்கை முடித்திருப்பார். அப்பாவோ அம்மாவோ ஸ்டூடன்ட் ஃபைனான்ஸில் தங்கள் கணக்கைத் திறந்து வருமானத்தைப் போட்டிருக்க மாட்டார்கள். இருவரும் தனித்தனியே செய்ய வேண்டும். நேஷனல் இன்ஷூரன்ஸ் எண்ணோ பெயரோ பாஸ்போர்ட்டோடு பொருந்தாது. நம் பெயர்களில் முதற்பெயரும் தந்தை பெயரும் இடம் மாறிக் கிடப்பது சாதாரணம், எல்லா இடத்திலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள். வங்கிக் கணக்கு மாணவரின் சொந்தப் பெயரில் இருக்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தும், பல்கலைக்கழகத்தில் பதிவை முடிக்காத வரை முதல் தவணை அசையாது.

மெயின்டனன்ஸ் லோன் மாதச் சம்பளம் போல வராது, டேர்முக்கு ஒன்றாக மூன்று தவணை. விடுதி முன்பணமோ அதற்கு முன்பே கேட்கப்படும். அந்தத் தொகையும் முதல் மூன்று வாரச் சாப்பாட்டுச் செலவும் செப்டம்பர் தொடங்கும்போதே கையில் இருக்கட்டும். இரண்டாம் ஆண்டுக்கு மறுபடி விண்ணப்பிக்க வேண்டும் என்பதையும் பிள்ளையின் போனில் இப்போதே நினைவூட்டலாகப் போட்டு வையுங்கள்.