வடசென்னை மழை: கேட்டதும் சொன்னதும்

தண்டையார்பேட்டையில் எங்கள் மொட்டைமாடியில் மழைமானி வைத்து, தினமும் காலை எட்டரைக்கு அளந்து நோட்டில் எழுதி வருகிறேன். பள்ளியில் புவியியல் நடத்தியவள் என்பதால் அக்கம்பக்கத்தில் மழை பற்றி என்னைத்தான் கேட்பார்கள். இந்த வாரம் கேட்டவை இவை.

காசிமேடு: டீச்சர், எங்க அப்பா காலத்து ஐப்பசி அடைமழை இப்போ இல்லையே, மழையே குறைஞ்சிடுச்சா?

மொத்தத்தில் குறைந்துவிட்டது என்று சொல்ல முடியாது. சென்னைக்கு 1813 தொடங்கி மழைக் கணக்கு இருக்கிறது. வருடத்துக்குச் சராசரி சுமார் 140 செ.மீ., அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள். கணக்கைப் புரட்டினால் ஏற்றமும் இறக்கமும் மாறி மாறித்தான் வருகின்றன. 1918 நவம்பரில் மட்டும் சுமார் 109 செ.மீ. பெய்தது, 2015 நவம்பரில் சுமார் 105. அடுத்த வருடமே தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தில் பாதிகூடப் பெய்யவில்லை. 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்ததே, ஞாபகம் இருக்கும்.

ஆனாலும் நீங்கள் சொல்வதில் விஷயம் இருக்கிறது. காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கொட்டும்போது மொத்தமாகக் கொட்டிவிடும். என் நோட்டிலும் நாலைந்து நாள் நசநசவென்று தூறிய பக்கங்கள் அருகி வருகின்றன. ஒரு மாடிக் கணக்கை ஊருக்கே பொருத்த முடியாதுதான், ஆனால் எனக்கு அது கவலையாக இருக்கிறது. நிதானமாகப் பெய்யும் மழைதான் மண்ணுக்குள் இறங்கிக் கிணற்றுக்கு வரும்.

மணலி: 2025 ஆகஸ்ட் 30 ராத்திரி எங்க ஏரியால மட்டும் 27 செ.மீ. பெஞ்சுதே, அது எந்தப் புயல்?

புயலே இல்லை, இடிமழை. பகல் வெயிலில் சூடான காற்று மேலே எழும்பும், கிழக்கிலிருந்து வரும் கடற்காற்றும் மேற்குக் காற்றும் முட்டும் இடத்தில் மேகம் திரளும். அது நகராமல் நின்றுவிட்டால் அடியில் இருக்கிற ஊர்தான் வாங்கிக்கட்டிக்கொள்ளும்.

எண்ணூர்: மிக்ஜாம் புயல் கரை ஏறினது ஆந்திராவுல. எங்க வீட்டுக்குள்ள ஏங்க தண்ணி?

2023 டிசம்பரில் அது நம் கரையை ஒட்டியே மெதுவாக ஊர்ந்து, பிறகுதான் பாபட்லா பக்கம் போனது. மழை ஒரு பாதி. மறுபாதி தண்ணீர் வெளியேறும் வழி. கொசஸ்தலையாறும் புழல் ஏரியின் உபரிநீரும் உங்கள் முகத்துவாரம் வழியாகத்தான் கடலுக்குப் போக வேண்டும். அங்கே மணல் மேடிட்டிருக்கிறது, கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து ஆழம் குறைந்திருக்கிறது. கடல் ஏற்றமாக இருக்கும் நேரத்தில் ஆற்றுத் தண்ணீர் கடலுக்குள் இறங்க முடியாமல் தேங்கும். மழையை நாம் நிறுத்த முடியாது, முகத்துவாரத்தைத் தூர்வார முடியும். அதை விடாமல் கேளுங்கள்.

கொருக்குப்பேட்டை: எல் நினோ வந்தா நமக்கு வறட்சிதானே?

இல்லை. எல் நினோ என்பது பசிபிக் கடலின் நடுப்பகுதியும் கிழக்குப் பகுதியும் வழக்கத்தைவிடச் சூடாவது. தென்மேற்குப் பருவமழையைத்தான் அது பெரும்பாலும் கெடுக்கும். நம் வடகிழக்குப் பருவமழைக்குப் பல தடவை கைகொடுத்திருக்கிறது. 2015, 2023 இரண்டுமே எல் நினோ வருடங்கள்.

வியாசர்பாடி மாணவி: மிஸ், மானி வாங்க காசில்ல. நானும் அளக்கலாமா?

தாராளமாக, கண்ணு. மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமுள்ள, அடி தட்டையான டப்பா போதும். சுவரும் மரமும் மறைக்காத இடத்தில் வை. காலை எட்டரைக்கு ஸ்கேலை உள்ளே விட்டு மில்லிமீட்டரில் படி, எழுதிவிட்டுக் கொட்டிவிடு. மழை இல்லாத நாளிலும் பூஜ்யம் என்று எழுது.