வண்ணத்துப்பூச்சிக்காக எருக்கு வளர்ப்பு: கேள்வியும் பதிலும்

ஐயா, சாலையோரம் நின்ற எருக்கஞ்செடியை இரண்டு முறை பிடுங்கி வந்து நட்டேன். இரண்டும் பட்டுப்போயின. எங்கே தப்பு?

பிடுங்கியதுதான் தப்பு. எருக்கின் ஆணிவேர் ஆழமாக இறங்கியிருக்கும். வளர்ந்த செடியைத் தோண்டினால் அது அறுந்துவிடும். விதை போடுங்கள். காய் பழுத்து லேசாக வாய் பிளக்கும்போது பறித்துவிடுங்கள். உள்ளே தட்டையான பழுப்பு விதைகள் மீன் செதில் மாதிரி அடுக்கியிருக்கும். பஞ்சு விரியும் முன் விரலால் வழித்தெடுத்து, செடி நிற்கவேண்டிய இடத்திலேயே விதைத்து மெலிதாக மண் தூவுங்கள். நல்ல வெயில் வேண்டும், தண்ணீர் தேங்கக் கூடாது. உரம் தேவையில்லை. வேர் பிடித்தபின் வறட்சியையும் தாங்கும்.

வெள்ளெருக்கா, ஊதா நிறமா, எது நல்லது?

எது கிடைக்கிறதோ அது. வண்ணத்துப்பூச்சிப் புழு இரண்டையும் தின்னும்.

அண்ணா, புழுக்கள் இலையை மொட்டையாக்குகின்றன. வேப்பெண்ணெய் அடிக்கலாமா?

தயவுசெய்து அடிக்காதீர்கள். கருப்பு வெள்ளை வரியும் மஞ்சள் புள்ளியும் முதுகில் மூன்று ஜோடி கருப்புக் கொம்பும் இருந்தால், அது வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் புழு. அதற்காகத்தானே எருக்கு நடுகிறோம்! இலை போனால் மறுபடி துளிர்க்கும்.

ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். புழு முதலில் இலையின் நடுநரம்பைக் கடிக்கும். பால் சொட்டி வடியும். வடிந்து ஓய்ந்த பிறகுதான் அதற்கு அப்பால் உள்ள பகுதியைத் தின்னும். அப்படியும் பாலின் நஞ்சு கொஞ்சம் அதன் உடம்பில் தங்கி, இறகு முளைத்த பின்னும் தொடர்கிறது. ஒரு தடவை தின்று வாந்தியெடுத்த பறவை அப்புறம் அந்த நிறத்தைத் தொடாது. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

தளிரில் மஞ்சள் அசுவினி மொய்க்கிறது. என்ன செய்ய?

தண்ணீரைப் பீய்ச்சி உதிர்த்துவிடுங்கள். அதற்கு முன் இலையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். வண்ணத்துப்பூச்சி முட்டை தனித்தனியாக, வெளிர் நிறத்தில், குண்டூசித் தலை அளவில் ஒட்டியிருக்கும். பொறிவண்டு வந்திருந்தால் எதுவும் செய்யவேண்டாம், அசுவினியை அதுவே தின்றுவிடும்.

பூ நிறையப் பூக்கிறது, காயே இல்லையே?

எருக்கின் மகரந்தம் தூளாக உதிராது, சின்னப் பொட்டலமாக இருக்கும். தேன் குடிக்க வரும் பூச்சியின் காலில் மாட்டி அடுத்த பூவுக்குப் போகவேண்டும். இந்த வேலைக்கு ஏற்றது மரத்தைத் துளைத்துக் கூடு கட்டும் பெரிய கருவண்டு, அதாவது தச்சுத் தேனீ. காய்ந்த மரக்கட்டை ஒன்றிரண்டைத் தோட்டத்தில் விட்டுவையுங்கள். நன்றாக வளர்ந்த செடியில்கூடப் பல கொத்துகள் காய்க்காமல் உதிரும், கவலை வேண்டாம்.

வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது அண்ணா, பயமில்லையா?

பயம் வேண்டியதுதான். இலை, பூ, பால் எல்லாமே நஞ்சு. முக்கியமாகக் கண். ஒருமுறை கிளை வெட்டிய கையால் கண்ணைத் தேய்த்துவிட்டேன். பெரிய வலி இல்லாததால் சும்மா இருந்துவிட்டேன். சாயங்காலத்துக்குள் பார்வை புகைமூட்டமாகிவிட்டது. அந்தப் பால் கண்ணை மரத்துப்போகச் செய்யும், அதனால் வலியை நம்பக் கூடாது. கண்ணில் பட்டால் உடனே ஓடும் தண்ணீரில் நெடுநேரம் கழுவி, அன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்கள். குழந்தை கொஞ்சம் வளரும்வரை வேலிக்கு வெளியே நடுவதே சரி.