மாயா மக்கள் பாதுகாப்புக்காகச் சுதந்திரத்தை விட்டுக்கொடுத்தார்களா?

ஓரளவுக்கு ஆம், ஆனால் அதை மனமுவந்து செய்துகொண்ட ஒப்பந்தமாக நான் கருதவில்லை. மத்திய அமெரிக்காவின் பண்டைய மாயா நகரங்களில் ஒன்றான, இன்றைய குவாத்தமாலாவிலுள்ள திக்காலை ஒட்டி வற்றாத ஆறு எதுவும் இல்லாததால், காரை பூசிய முற்றங்களைச் சரிவாக அமைத்து, வழிந்தோடும் மழைநீரைக் கோயில்களுக்கும் அரண்மனைக்கும் அருகிலிருந்த பெருங்குளங்களில் தேக்கினார்கள். மழையில்லாத மாதங்களில் அந்தக் குளத்து நீரை நம்பியிருந்த மக்காச்சோளக் குடியானவர்கள், அதற்கு ஈடாக அரசனுக்கு விளைச்சலில் பங்கும் கட்டட வேலைக்கு உடலுழைப்பும் தந்தனர் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. மழையை வருவிக்கும் சடங்கும் அரசன் கையில்தான் இருந்தது. மறுத்துவிட்டுப் போக எத்தனை பேரால் முடிந்திருக்கும்?

அரசனின் காவல் பொய்த்த இடத்தில் நடந்ததுதான் கவனிக்கத்தக்கது. தோஸ் பிலாஸ் என்ற மற்றொரு மாயா நகரில் கி.பி. 761ஆம் ஆண்டு போரில் அரசன் தோற்றபின், எஞ்சியிருந்த மக்கள் அரண்மனை முகப்பின் கற்களையே பெயர்த்தெடுத்து, சடங்கு முற்றத்தின் குறுக்கே மதில் எழுப்பிக்கொண்டார்கள். திக்காலிலோ 869ஆம் ஆண்டுக்குப் பிறகு அரசர்கள் தம் ஆட்சியைப் பறைசாற்ற நட்டுவந்த, தேதி பொறித்த கல்தூண் ஒன்றுகூட நடப்படவில்லை.