ஒரே கைபேசி, ஒரே புரொஜெக்டர்: ஓவிய வகுப்பில் என்னென்ன செய்யலாம்?

கேள்வி: வகுப்பில் 30 பிள்ளைகள். ஒரு கைபேசியும் ஒரு புரொஜெக்டரும்தான் இருக்கின்றன. இவற்றை வைத்து ஓவியப் பாடத்தில் உருப்படியாக என்ன செய்யலாம்? கருவி வந்துவிட்டால் பிள்ளைகள் கையால் வரைவதையே விட்டுவிட மாட்டார்களா?

பதில்: அது கருவியை எந்த நேரத்தில் வகுப்புக்குள் கொண்டுவருகிறோம் என்பதைப் பொறுத்தது. வரையத் தொடங்கும் முன்பே படத்தைக் காட்டினால் பிள்ளைகள் அந்தப் படத்தைத்தான் நகலெடுப்பார்கள். வரைந்து முடித்த பிறகு காட்டினால், தாங்கள் எதைக் கவனிக்கத் தவறினோம் என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். ஆகவே முதலில் பென்சில், பிறகு கைபேசி.

தொடங்குவதற்கு எளிதானது ஷேடிங் பாடம், அதாவது ஒளியையும் நிழலையும் பென்சிலால் தீட்டுவது. மேசையில் ஒரு குடுவை, ஒரு சிவப்புப் பழம், ஒரு பச்சை இலை வையுங்கள். அறை வெளிச்சத்தைக் குறைத்து, ஒரே பக்கத்திலிருந்து ஒரு மேசை விளக்கைச் சாய்வாகக் காட்டுங்கள். 25 நிமிடம் பார்த்து வரையட்டும். பிறகு அந்தப் பொருட்களையும், வரைந்தவற்றில் இரண்டு மூன்றையும் படமெடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றி, அருகருகே திரையில் போடுங்கள். ஓவியங்களில் பெரும்பாலானவை நடுத்தரச் சாம்பலிலேயே நின்றுபோயிருக்கும். மிக அடர்த்தியான நிழலுக்குப் போகப் பிள்ளைகள் தயங்கியிருப்பார்கள். பழமும் இலையும் நிறத்தில் எவ்வளவு வேறுபட்டாலும் கறுப்பு வெள்ளையில் கிட்டத்தட்ட ஒரே சாம்பலாகத் தெரிவதைப் பார்த்து ஆச்சரியப்படுவார்கள். அதன்பின் காகித ஓரத்தில் வெள்ளையிலிருந்து கறுப்பு வரை ஐந்து கட்டங்கள் போடச் சொல்லி, 2பி, அதைவிடக் கறுப்பாக எழுதும் 6பி பென்சில்களோடு அதே ஓவியத்துக்குத் திரும்ப விடுங்கள்.

இதில் இரண்டு இடத்தில் சறுக்கும். கைபேசியைப் பொருளுக்கு மிக அருகில் கொண்டுபோய் எடுத்தால் முன்னால் இருப்பது பெருத்து, பின்னால் இருப்பது சுருங்கிவிடும். இரண்டு மீட்டர் தள்ளி நின்று 2 மடங்கு ஜூம் வைத்து எடுங்கள். அடுத்தது புரொஜெக்டர். அதனால் கறுப்பைக் காட்ட முடியாது. திரையில் வெளிச்சம் விழாத இடம்தான் கறுப்பு. ஜன்னல் திறந்திருந்தால் நிழல் முழுக்க வெளுத்துப்போய், நாம் காட்ட நினைத்ததே காணாமல் போகும்.

முழுத் திட்டமாகச் செய்ய ஸ்டாப் மோஷனைவிடப் பொருத்தமானது இல்லை என்பேன். உருவத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஒவ்வொரு முறையும் படமெடுத்து, அவற்றை வேகமாக ஓட்டி அசைவாகக் காட்டுவதுதான் அது. கதை, வரைதல், வெட்டுதல், ஒளி, கூட்டு வேலை எல்லாம் அதில் சேர்ந்து வருகின்றன. நான்கைந்து பேர் கொண்ட குழு: ஒருவர் உருவத்தை நகர்த்துவார், ஒருவர் படமெடுப்பார், ஒருவர் எத்தனையாவது படம், எவ்வளவு நகர்த்தினோம் என்று எண்ணிக்கைத் தாளில் எழுதுவார், மற்றவர்கள் ஒளியையும் படத்தின் சட்டத்துக்குள் (ஃபிரேமுக்குள்) கை நுழையாததையும் பார்த்துக்கொள்வார்கள். நொடிக்கு 12 படம் போதும். 8 நொடிக்கு 96 படம். ஒரு படத்துக்கு 20 நொடி என்றால் 32 நிமிடம், அதாவது ஒரு பாடவேளைக்குள் முடியும். அதனால் ஒரு குழுவுக்கு ஒரே ஒரு செயல்: பறவை கிளையில் வந்து அமர்கிறது, அவ்வளவுதான். முழுக்கதை கேட்டால் பாதியில் நிற்கும்.

உருவங்களைக் கெட்டி அட்டையில் வெட்டி, கை கால்களைத் துளையிட்டு நூல் முடிச்சால் இணைக்கலாம். இரண்டு புத்தக அடுக்குகளுக்கு மேல் ஒரு பலகையை வைத்து, லென்ஸ் மட்டும் விளிம்புக்கு வெளியே தெரியும்படி கைபேசியைத் திரை மேலே, லென்ஸ் கீழே பார்க்கப் படுக்க வைத்தால் ஸ்டாண்டே வேண்டாம். மேசையிலிருந்து 40 முதல் 50 செ.மீ. உயரம் சரியாக வரும். பின்னணித் தாளின் நான்கு மூலைகளையும் டேப் போட்டு ஒட்டுங்கள், கைபேசியையும் பலகையோடு சேர்த்து. ஏரோபிளேன் மோடில் போட மறக்க வேண்டாம். நடுவில் அழைப்பு வந்து அதிர்ந்தால் சட்டம் நகர்ந்துவிடும். படமெடுக்கத் திரையைத் தொடாமல், ஒயர் இயர்போனின் வால்யூம் பொத்தானையோ டைமரையோ பயன்படுத்துங்கள். ஸ்டாப் மோஷன் ஸ்டூடியோ போன்ற செயலிகளில் முந்தைய படம் மங்கலாக மேலே தெரியும், எவ்வளவு நகர்த்தினோம் என்று பார்த்துக்கொள்ளலாம்.

முடிந்த படம் மினுக் மினுக்கென்று துடிக்கிறதா? கைபேசி ஒவ்வொரு முறையும் வெளிச்சத்தைத் தானே கணக்குப் போட்டுக்கொள்வதுதான் காரணம். பெரும்பாலான கைபேசிகளில் திரையை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் (தெளிவு) எக்ஸ்போஷரும் (வெளிச்ச அளவு) பூட்டிக்கொள்ளும். கேமராவை நாமே அமைத்துக்கொள்ளும் ப்ரோ மோடு இருந்தால், நிறச் சாயலைத் தீர்மானிக்கும் ஒயிட் பேலன்ஸையும் நிலைப்படுத்துங்கள். ஜன்னல் வெளிச்சத்தை நம்பக் கூடாது, ஒரு மேகம் கடந்தாலே நிறம் மாறும். பலரும் கவனிக்காதது சட்டை! வெளிர் நிறச் சட்டை போட்டவர் மேசைமேல் குனிந்தால் அதில் பட்டுத் திரும்பும் ஒளி படத்தில் விழும். படமெடுக்கும் நொடியில் எல்லோரும் ஓரடி பின்னால் போக வேண்டும்.

அசைவு மரக்கட்டைபோல் இருப்பதற்குக் காரணம், ஒவ்வொரு படத்துக்கும் ஒரே அளவு நகர்த்துவது. எந்தப் பொருளும் எடுத்த எடுப்பில் முழு வேகத்தில் கிளம்பாது. முதலில் 2 மி.மீ., பிறகு 4, 7, 10 என்று கூட்டி, நிற்கும்போது அதேபோல் குறைக்கச் சொல்லுங்கள். தொடக்கத்திலும் முடிவிலும் அசைவில்லாமல் 6 படம். இந்த ஒரு திருத்தத்திலேயே அட்டைப் பறவைக்கு எடை வந்துவிடும். அதைத் திரையில் பார்க்கும்போது பிள்ளைகள் முகத்தைப் பார்க்க வேண்டும்!

ஒரு குழு படமெடுக்கும்போது மற்றவர்கள் சும்மா இருக்கக் கூடாதே. ஆளுக்கு 24 சிறு தாள்களைக் கொடுத்து, ஓரத்தைக் கட்டிப் புரட்டுப் புத்தகம் செய்யச் சொல்லுங்கள். நொடிக்கு 12 தாள் வேகத்தில் புரட்டினால் 2 நொடி அசைவு. தங்கள் முறை வரும்போது அசைவை எப்படிப் பிரிப்பது என்று கை முன்பே பழகியிருக்கும்.

கணினி கிடைத்தால், அதில் வரைவதற்கான கிருதா என்ற மென்பொருள் இலவசம். ஏ4 தாளில் அச்சிடப் போவதென்றால் தொடக்கத்திலேயே 2480 × 3508 பிக்சலில் கோப்பைத் திறக்க வேண்டும். சிறிதாக வரைந்து பிறகு பெரிதாக்கினால் கோடு பிசிறடிக்கும். திரையில் பளிச்சென்ற பச்சையும் நீலமும் அச்சில் மங்கும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பெரிய ஓவியங்களைக் காட்டவும் புரொஜெக்டர் நல்ல துணை. டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1642இல் முடித்த 'இரவுக் காவல்' ஓவியத்தை ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகம் 2022இல் 717 ஜிகாபிக்சல் (71,700 கோடி புள்ளி) படமாக இணையத்தில் வெளியிட்டது. முதலில் ஒரு கண்ணை மட்டும் நெருக்கிக் காட்டி, தூரிகை எந்தப் பக்கம் ஓடியிருக்கிறது என்று வரையச் சொல்லுங்கள். முழு ஓவியம் பிறகு வரட்டும். ஆனால் திரையில் எல்லா ஓவியமும் ஒரே அளவாகத்தான் தெரியும். இதன் உண்மை அளவு ஏறத்தாழ 3.8 மீட்டர் உயரம், 4.5 மீட்டர் அகலம். அதைத் தரையில் சாக்பீஸால் கோடிட்டு உள்ளே நிற்க வையுங்கள்.

மதிப்பெண்ணை முடிந்த வீடியோவுக்கு மட்டும் போடாதீர்கள். கைபேசியை நன்றாகக் கையாளத் தெரிந்த குழு ஜெயித்துவிடும். முன்வரைவுகள், எண்ணிக்கைத் தாள், எடுத்ததில் எதை ஏன் மாற்றினோம் என்று எழுதிய இரண்டு வரி ஆகியவற்றுக்குப் பாதி மதிப்பெண் ஒதுக்குங்கள். எண்ணிக்கைத் தாளில் அடித்துத் திருத்தியதை அழிக்க விடாதீர்கள், மதிப்பிட உதவுவதே அந்தத் திருத்தங்கள்தான்.