நாத்தனார் கேட்டால் 'மலர்'!

கேள்வி: என் மகள் அரசுப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. 'எண்ணும் எழுத்தும்' திட்டம் என்று பாட்டு, கதை, குழு வேலையிலேயே பொழுது போகிறது. அவளை 'அரும்பு' என்ற அடி நிலையில் வைத்திருக்கிறார்கள். அண்ணன் பிள்ளைகள் படித்த செயல்வழிக் கற்றலே தேவலை என்கிறார் அண்ணன். (போன வாரம் வந்த நாத்தனாரிடம், மேல் நிலையான 'மலர்' என்று மகளைச் சொல்லச் சொல்லிவிட்டோம்.) மெட்ரிக் பள்ளிக்கு மாற்றிவிடலாமா?
- ஒரு வாசகி, ராணிப்பேட்டை

பதில்: பள்ளி மாற்றுவது இருக்கட்டும். அடைப்புக்குறிக்குள் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதைப் பேசுவோம். எட்டு வயதுப் பிள்ளைக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்திருக்கிறீர்கள். எழுத்துக்கூட்டி வாசிக்க வரவில்லை என்பது அவளுக்கு முன்பே தெரியும். அது வெளியே சொல்லக்கூடாத அவமானம் என்பது போன வாரம்தான் தெரிந்தது. இனி வகுப்பில் ஒரு சொல் தடுக்கினால் டீச்சரிடம் கேட்பாளா? மற்றவர்களோடு சேர்ந்து வாயசைத்துச் சமாளிப்பாள்.

அண்ணன் சொன்னதில் பாதி நிஜம். செயல்வழிக் கற்றல் ஆந்திராவின் ரிஷிவேலி கல்வி மையத்தில் உருவான யோசனை. 2003-இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கி, 2007-08-இல் மாநிலம் முழுக்கப் போனது. அப்போது பிள்ளை சுவரில் உள்ள ஏணிப்படிப் படத்தைப் பார்த்து, தன் படிக்குரிய அட்டையைத் தானே எடுத்துவந்து பாயில் உட்காரும். தாழ்வாக அமைத்த கரும்பலகையில் எழுதிப் பார்க்கும். காய்ச்சலில் படுத்துவிட்டு வந்தாலும் விட்ட அட்டையிலிருந்து தொடரலாம். ஆனால் ஒரே டீச்சர், ஆளுக்கொரு அட்டை. யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்து முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். அதை அண்ணன் சொல்லியிருக்க மாட்டார்.

கொரோனாவுக்குப் பின் 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும், பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்றே நிலைகளாகப் பிரித்தது. கதையும் பாட்டும் எல்லோருக்கும் பொது. பயிற்சி மட்டும் நிலைக்கேற்ப. என்னைக் கேட்டால், பின்தங்கிய பிள்ளைக்கு இதுதான் நல்லது. ஒரே தொல்லை, நிலைக்குப் பெயர் இருப்பதால் அக்கம்பக்கம் எல்லாம் விசாரிக்கும். அந்தப் பெயர் பிள்ளைமேல் ஒட்டாமல் பார்ப்பது பெற்றவர் வேலை. நீங்களோ கோந்து தடவிவிட்டீர்கள்.

மெட்ரிக் பள்ளியில் 'அரும்பு' என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வாசிக்க வராததும் தெரியாமலே நான்காம் வகுப்புக்குப் போய்விடுவாள். அதற்கா ஃபீஸ்?

மாற்ற வேண்டாம். எந்த எழுத்தில் தடுக்கிறது என்று டீச்சரைப் பார்த்துக் கேளுங்கள். ராத்திரி அந்த எழுத்துள்ள நாலு சொற்களை அவளை வாசிக்கவிட்டுக் கேளுங்கள். அதற்கு முன், அப்படிச் சொல்லச் சொன்னது எங்கள் தப்பு என்று அம்மாவும் அப்பாவும் அவளிடம் சொல்ல வேண்டும். பிறகு நாத்தனாருக்கு போன் போட்டு உண்மையைச் சொல்லுங்கள், மகள் பக்கத்தில் இருக்கும்போதே.