கியர்பாக்ஸ் கடைசி ஒரு விரல் உள்ளே போகவில்லை என்றால் போல்ட் போட்டு இழுக்கலாமா?

கேள்வி இதுதான்: பிக்கப் வண்டிக்குக் கிளட்ச் பிளேட்டும் பிரஷர் பிளேட்டும் புதிதாக மாட்டியாகிவிட்டது. கியர்பாக்ஸைத் திரும்ப ஏற்றும்போது கடைசி ஒரு விரல் அளவு இடைவெளி அடையவே மாட்டேன் என்கிறது. நீள போல்ட் போட்டு முறுக்கி இழுத்துவிடலாமா?

இழுக்காதீங்க. ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு மேற்கொண்டு படியுங்கள். நான் இழுத்திருக்கிறேன். மூன்றாவது போல்ட்டை முறுக்கும்போது 'டக்' என்று ஒரு சத்தம். பெல் ஹவுசிங்கின், அதாவது இன்ஜினோடு சேருகிற கியர்பாக்ஸ் முன்கூட்டின், போல்ட் மாட்டுகிற காது ஒன்று விட்டுப் போயிருந்தது.

எங்களுக்குக் கோபிசெட்டிபாளையம் பக்கம் தோட்டம். தேங்காய், வாழைத்தார் போக, தாளவாடியில் முட்டைக்கோசு ஏற்றி வரவும் எங்கள் பழைய பிக்கப்தான் போகும். அந்த வழியில் பண்ணாரியிலிருந்து திம்பம் ஏற 27 கொண்டை ஊசி வளைவுகள். முன்னால் ஒரு லோடு லாரி மூச்சு வாங்கி நின்றால், பின்னால் நாம் ஹாஃப் கிளட்சிலேயே தொங்கிக்கொண்டிருக்க வேண்டும். கிளட்ச் கருகாமல் என்ன செய்யும்? ஒர்க்‌ஷாப் கூலியை மிச்சம் பிடிக்கலாம் என்று கட்டுத்தாரைக்குப் பக்கத்தில் சிமெண்ட் தளத்தில் நானும் தம்பியும் இறங்கினோம். கழற்றுவது அரை நாளில் முடிந்தது. ஏற்றுவதற்குத்தான் மூன்று நாள்.

காது உடைந்த பிறகு மாமாவுக்குப் போன் போட்டேன். திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் லாரிகளுக்கு இருபது வருடத்துக்கு மேல் ஃபிட்டராக இருப்பவர். வந்தார், குனிந்து பார்த்தார், திட்டவில்லை. "ஏங்கண்ணு, அது போல்ட்டுல இழுக்கற சாமானமா? கையில தள்ளுனா உள்ள போவோணும். போவலைன்னா எங்கியோ இடிக்குதுன்னு அர்த்தம்" என்றார். அன்றைக்கு அவர் காட்டியதைத்தான் கீழே எழுதுகிறேன்.

கிளட்ச் பிளேட், இன்ஜின் பின்னால் சுற்றுகிற கனமான சக்கரமான ஃப்ளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவில் அமுங்கி நிற்கிறது. பிரஷர் பிளேட் போல்ட்டை இறுக்கியபோது அது எந்த இடத்தில் இருந்ததோ, அங்கேயே பிடித்துக்கொள்ளும், அப்புறம் நகராது. கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் அந்தப் பிளேட்டின் நடு ஓட்டைப் பல்லுக்குள் நுழைந்து, அதன் முனை ஃப்ளைவீல் நடுவில் இருக்கிற சின்ன பைலட் பேரிங்குக்குள் போய் உட்கார வேண்டும். பிளேட் ஓரிரு மில்லிமீட்டர் இறங்கியிருந்தால் போதும், முனை பேரிங் வாயில் இடித்து நின்றுவிடும். உங்கள் ஒரு விரல் இடைவெளி அநேகமாக அதுதான். நான்கு விரல் இடைவெளி என்றால் கதை வேறு: பல்லே இன்னும் பல்லோடு சேரவில்லை. டாப் கியரில் போட்டுவிட்டு, பின்சக்கரத்துக்குப் போகிற ஷாஃப்ட்டை மாட்டுகிற பின்பக்க ஃபிளேஞ்சைக் கையால் மெதுவாகத் திருப்பிக்கொண்டே தள்ளினால் ஒரு இடத்தில் வழுக்கிக்கொண்டு உள்ளே போகும்.

பிளேட்டைச் சென்டர் பண்ண கடையில் பிளாஸ்டிக் டூல் கிடைக்கிறது. அதைவிட நல்லது, அதே மாடலின் பழைய இன்புட் ஷாஃப்ட். மாமா கோயம்புத்தூர் உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளில் தேடி ஒன்று வாங்கி வைத்திருக்கிறார். சாமி படத்துக்குப் பக்கத்தில்தான் அதற்கு இடம். ஷாஃப்ட்டைப் பிளேட் வழியாக பைலட் பேரிங் வரை நுழைத்து வைத்துக்கொண்டு, பிரஷர் பிளேட் போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். முடிந்ததும் ஷாஃப்ட்டை உருவிவிட்டு மறுபடி நுழைத்துப் பாருங்கள். தடங்கலில்லாமல் போய் வந்தால் சரி.

அப்போதே பிளேட் எந்தப் பக்கம் பார்க்கிறது என்றும் பாருங்கள். பெரும்பாலான பிளேட்டுகளில் ஃப்ளைவீல் பக்கம் எது என்று எழுத்துப் பொறித்திருக்கும். திருப்பி மாட்டினால் நடுக்குடம் ஃப்ளைவீல் போல்ட் தலையில் உரசும், கிளட்ச் விடாது, மொத்தத்தையும் மறுபடி இறக்க வேண்டும்.

சென்டர் சரி, இன்னும் போகவில்லை என்கிறீர்களா? இடைவெளியைச் சுற்றிலும் விரல் விட்டுப் பாருங்கள். மேலே ஒரு அளவு, கீழே ஒரு அளவு என்றால் சாய்வுதான் குற்றவாளி. கியர்பாக்ஸை இறக்கியதும் இன்ஜின் பின்பக்கம் தொங்கிவிடும். இதைப் பலர் கவனிப்பதே இல்லை. இன்ஜின் அடியில் இருக்கிற ஆயில் தொட்டியான சம்ப்புக்குக் கீழே அகலமான பலகை கொடுத்து ஜாக்கியால் மெல்லத் தூக்கி, இன்ஜின் முகமும் பெல் ஹவுசிங் முகமும் ஒரே சாய்வுக்கு வரும்வரை ஏற்றி இறக்குங்கள். எங்கள் வண்டியில் கோளாறு இதுதான். மாமா ஜாக்கியை இரண்டு தடவை பம்ப் அடித்தார், கியர்பாக்ஸ் வாலை ஒரு ஆட்டு ஆட்டினார். 'சளக்' என்று உட்கார்ந்தது. மூன்று நாள் வேலை, அரை நிமிடம்.

கியர்பாக்ஸை நேராக உட்கார வைக்கிற டவல் பின் (வழிகாட்டி முளை) இரண்டும் வளையாமல், துருப்பிடிக்காமல் இருக்கிறதா என்றும், ஏதாவது வயர் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

எதைச் செய்தாலும் கியர்பாக்ஸைப் பாதி நுழைத்த நிலையில் தொங்கவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். அத்தனை கனமும் பிளேட்டின் நடுவில் இறங்கும், பிளேட் நெளிந்துவிடும். நெளிந்த பிளேட் கிளட்சை முழுசாக விடாது. கியர் கரகரவென்று விழும், 'புது கிளட்ச் போட்டும் இப்படியா' என்று பாகம் விற்ற கடைக்காரரிடம் சண்டைக்குப் போவோம். வண்டிக்கடியில் படுக்கிறவர்கள் ஜாக்கியை மட்டும் நம்பவும் கூடாது. ஸ்டாண்டோ, கனமான கட்டையோ கட்டாயம் வேண்டும். கியர் ஆயிலை வடித்துவிட்டுத் தூக்கினால் கனமும் குறையும், வாலில் ஒழுகவும் செய்யாது.

கிரீஸ் பற்றி மாமா சொன்னது எனக்கு மறக்காது. நான் இன்புட் ஷாஃப்ட் பல்லில் வழிய வழியத் தடவி வைத்திருந்தேன். "மாப்ளே, சந்தனப் பொட்டு வெக்கற மாதிரி வெச்சாப் போதும், எண்ணெக் குளியலா பண்றே?" என்று துணியால் துடைத்தே எடுத்துவிட்டார். அதிகமான கிரீஸ் சுற்றும்போது தெறித்துப் பிளேட் மேல் படும். வண்டி எடுக்கும்போது உதறும், ஏற்றத்தில் வழுக்கும். ஃப்ளைவீல் முகத்திலும் பிரஷர் பிளேட்டிலும் கைரேகை எண்ணெய்கூட இல்லாமல் துடைத்துவிட்டு மாட்டுங்கள். கியர்பாக்ஸ் கீழே இருக்கும்போதே இன்ஜின் பின்பக்க ஆயில் சீல், பெடலை மிதித்தால் பிரஷர் பிளேட்டை அமுக்குகிற ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங் மூன்றையும் மாற்றிவிடுவது என் கட்சி. நூறு இருநூறு மிச்சம் பிடித்து, அந்த சீல் ஒழுகிப் புதுப் பிளேட் நனைந்தால் வயிறு எரியும்.

முகமும் முகமும் கையாலேயே சேர்ந்த பிறகுதான் போல்ட். எல்லாவற்றையும் விரலால் பிடித்துவிட்டு, எதிரெதிராக இறுக்குங்கள். நடுநடுவே இன்ஜின் முன் புல்லியை ஸ்பானர் போட்டுச் சுற்றிப் பாருங்கள். சுற்றவில்லை என்றால் உடனே தளர்த்துங்கள். அப்புறம் ஷாஃப்ட், கியர் ஆயில், கிளட்ச் லைனில் காற்று எடுப்பது, பெடல் ஃப்ரீ பிளே எல்லாம் வழக்கம்போல. உடைந்த காதை ஈரோட்டில் ஆர்கான் வெல்டிங் வைத்துச் சரிசெய்தேன். மிச்சம் பிடித்த கூலி அங்கே போய்ச் சேர்ந்தது.

எல்லாம் மாட்டிச் சாவியைத் திருப்பினேன், ஸ்டார்ட்டர் முனகக்கூட இல்லை. பேட்டரியைக் குறை சொல்லிக்கொண்டே பானெட்டைத் திறக்கப் போனால், மாமா வண்டிக்கு அடியிலிருந்து கையை மட்டும் நீட்டினார். கியர்பாக்ஸ் போல்ட்டில் மாட்ட வேண்டிய எர்த் வயர் அவர் விரலில் தொங்கிக்கொண்டிருந்தது.