கடைவாய்ப் பல்லோரம் சீழ்: ரூட் கேனாலா, டீப் கிளீனிங்கா?

கேள்வி: வயது 47, பெரம்பூரில் இருக்கிறேன். ஆறு வருடமாகச் சர்க்கரை. பிரஷருக்கு அம்லோடிபின் சாப்பிடுகிறேன். பல் துலக்கினால் ஈறில் ரத்தம் வருகிறது. அதனால் அந்த இடத்தில் பிரஷ் படாமல் விட்டுவிடுகிறேன். இரண்டு மாதத்துக்கு முன் இடது கீழ்க் கடைவாய்ப் பல்லோரம் வீங்கிச் சீழ் வந்தது. மெடிக்கல் ஷாப்பில் 5 நாள் மாத்திரை வாங்கிப் போட்டேன், வற்றியது. இப்போது மறுபடி வீங்குகிறது. ஒரு டாக்டர் ரூட் கேனால் என்கிறார், இன்னொருவர் வாய் முழுக்க டீப் கிளீனிங் என்கிறார். கிளீன் பண்ணினால் பல் ஆட ஆரம்பித்துவிடும் என்று வீட்டில் பயமுறுத்துகிறார்கள். என் அண்ணன் ஒரு வேளைதான் பல் துலக்குவார், வெற்றிலை வேறு போடுவார். அவருக்கு ஒரு பல்லும் ஆடவில்லை. எனக்கு மட்டும் ஏன்?

பதில்: முதலில் அந்த வீக்கத்தைக் கவனியுங்கள். சர்க்கரை உள்ளவருக்குச் சீழ் திரும்பி வந்திருக்கிறது என்றால் இந்த வாரமே பார்த்தாக வேண்டும். காய்ச்சல், எச்சில் விழுங்கக் கஷ்டம், வாய் திறக்க முடியாமை, தாடைக்கு அடியில் கல் போல இறுகிய வீக்கம், மூச்சு முட்டல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் கிளினிக் திறக்கும் நேரத்துக்குக் காத்திருக்காதீர்கள். நள்ளிரவானாலும் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். கீழ்க் கடைவாய்ப் பல்லின் சீழ் கழுத்துக்கு இறங்கினால் மூச்சுப் பாதையையே அடைத்துவிடும்.

இரண்டு டாக்டர்கள் இரண்டு விதமாகச் சொன்னதால் ஒருவர் ஏமாற்றுகிறார் என்று நினைக்க வேண்டாம். பல்லோரம் சீழ் கட்ட இரண்டு வழிகள் உண்டு. சொத்தையோ விரிசலோ ஆழமாகப் போய், பல்லுக்குள் இருக்கும் நரம்பும் ரத்தக் குழாயும் கொண்ட கூழ் செத்து, கிருமி வேரின் நுனி வழியாக எலும்புக்குள் இறங்குவது ஒன்று. அதற்கு ரூட் கேனால்தான் மருந்து. ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே உள்ள பள்ளம் ஆழமாகி, அந்தப் பள்ளத்தின் வாய் அடைபட்டு, உள்ளேயே சீழ் தேங்குவது இன்னொன்று. இதில் பல்லின் நரம்பு உயிரோடுதான் இருக்கும். வேரின் மேற்பரப்பைச் சுத்தம் செய்தால்தான், அதாவது டீப் கிளீனிங் செய்தால்தான் அடங்கும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு வீக்கமும் ஒரே மாதிரி இருக்கும்.

பிரித்தறிய மூன்று சோதனைகள் போதும். பஞ்சில் குளிர் ஸ்பிரே அடித்துப் பல்லில் வைப்பார்கள். பக்கத்துப் பல் சுரீர் என்று கூசி, இந்தப் பல் ஒன்றுமே உணரவில்லை என்றால் நரம்பு செத்திருக்க வாய்ப்பு அதிகம். அடுத்தது, மில்லிமீட்டர் கோடு போட்ட ப்ரோப் என்ற மெல்லிய கம்பியால் ஈறுப் பள்ளத்தை அளப்பது. ஒரு பல்லுக்கு ஆறு இடங்களில் அளக்க வேண்டும். 1 முதல் 3 மி.மீ. வரை சரியானது. பல்லைச் சுற்றி அகலமாக, பக்கத்துப் பற்களிலும் 5, 6 என்று வந்தால் ஈறுநோய். சுற்றிலும் 2, 3 இருந்து ஒரே ஓர் இடத்தில் மட்டும் கம்பி சட்டென்று 9, 10-க்கு இறங்கினால், வேர் நுனிச் சீழ் வெளியேறும் பாதை அதுவாக இருக்கலாம். பல்லில் விரிசலாகவும் இருக்கலாம். மூன்றாவது எக்ஸ்ரே. வாய் முழுவதையும் காட்டும் ஓ.பி.ஜி. படம் மட்டும் போதாது. அந்தப் பல்லுக்கென்று ஐ.ஓ.பி.ஏ. எனப்படும் சின்னப் படம் எடுத்தால்தான் வேர் நுனியும் எலும்பின் விளிம்பும் தெளிவாகத் தெரியும்.

இந்த மூன்றையும் செய்தார்களா என்று இருவரிடமும் கேளுங்கள். கேட்பது தவறில்லை. இரண்டு நோயும் ஒரே பல்லில் இருக்கவும் கூடும். அப்படியானால் முதலில் ரூட் கேனால், குணமாகும் அறிகுறி தெரிந்த பிறகு எஞ்சிய பள்ளத்துக்கு ஈறு சிகிச்சை என்பதே பொதுவான வரிசை. வேருக்குள் கிருமி ஊற்று திறந்திருக்கும்போது வெளியே எவ்வளவு சுரண்டினாலும் ஆறாது.

இனி, ஏன் என்ற கேள்வி. இரண்டு வீக்கத்துக்கும் கிருமிதான் மூலம் என்பதை அழுத்தமாகக் காட்டிய இரண்டு ஆய்வுகளும் ஒரே ஆண்டில், 1965-இல், வெளிவந்தன. அமெரிக்காவில் ககெஹாஷியும் கூட்டாளிகளும் எலிகளின் கடைவாய்ப் பல்லைத் துளையிட்டுக் கூழைத் திறந்து விட்டார்கள். சாதாரண எலிகளுக்குக் கூழ் அழுகிச் சீழ் கட்டியது. கிருமியே இல்லாத சூழலில் வளர்த்த எலிகளுக்கு, துளைக்குள் சாப்பாடு அடைத்துக்கொண்டபோதும், கூழ் தானாகவே புதுத் தந்தினி (பல்லின் கெட்டியான உட்பகுதி) வைத்து மூடிக்கொண்டது. டென்மார்க்கில் ஹரால்ட் லோ என்பவரின் குழு, நல்ல ஈறு உள்ள 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் சொன்னது. 10 முதல் 21 நாட்களுக்குள் எல்லோருக்கும் ஈறு அழற்சி வந்தது. மறுபடி துலக்கியதும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் சரியானது.

உங்கள் பழக்கத்தை இதோடு சேர்த்துப் பாருங்கள். ரத்தம் வருவது பிரஷ் குத்தியதால் அல்ல. அங்கே கிருமிப் படலம் படிந்து ஈறு புண்ணாகி இருப்பதால். அந்த இடத்தைத் தொடாமல் விட்டால் படலம் தடித்து, ரத்தம் இன்னும் அதிகமாகும். ரத்தம் வரும் இடத்தைத்தான் மென்மையாக, தவறாமல் துலக்க வேண்டும். பள்ளம் ஆழமாகாத இடங்களில் ஒன்றிரண்டு வாரத்தில் ரத்தம் நின்றுவிடும். நிற்காத இடம், பிரஷ் எட்டாத ஆழத்தில் காரை, அதாவது கல் போல இறுகிய படலம், இருப்பதைக் காட்டுகிறது.

ஆனால் உங்கள் அண்ணன் விஷயத்துக்கு 1965 ஆய்வு பதில் சொல்லாது. அதற்கான பதில் நம் மக்களிடமிருந்தே கிடைத்தது. அதே லோ குழு 1970 முதல் 1985 வரை இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் 480 தமிழ் ஆண் தொழிலாளர்களைத் தொடர்ந்து பரிசோதித்தது. பல் மருத்துவமே எட்டாதவர்கள் அவர்கள். எல்லோர் வாயிலும் படலம், காரை, ஈறு அழற்சி. கிருமி மட்டுமே காரணமென்றால் எல்லோருக்கும் ஒரே வேகத்தில் பல் போயிருக்க வேண்டும். ஆனால் சுமார் 8 சதவீதத்தினருக்கு நோய் வேகமாக முற்றியது, 81 சதவீதத்தினருக்கு மிதமான வேகத்தில், 11 சதவீதத்தினருக்கு ஈறு அழற்சியைத் தாண்டி நோய் போகவே இல்லை. உங்கள் அண்ணன் அந்த 11-இல் ஒருவராக இருக்கலாம்.

வித்தியாசம் உடம்பின் எதிர்வினையில் இருக்கிறது. ஈறுக்கடியில் சேரும் கிருமிகளை அழிக்க ரத்தத்திலிருந்து வெள்ளணுக்கள் வந்து குவிகின்றன. அவை கக்கும் நொதிகள் கிருமியோடு சேர்த்துப் பல்லைப் பிடித்திருக்கும் நாரையும் அரிக்கின்றன. அழற்சியின் சமிக்ஞைகள் எலும்பைக் கரைக்கும் செல்களைத் தூண்டுகின்றன. எலும்பு கரைவதில் பெரும்பங்கு நம் உடம்பின் வேலைதான். போர்பிரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் என்ற கிருமி எண்ணிக்கையில் குறைவாக இருந்துகொண்டே இந்தப் பாதுகாப்பைக் குழப்பி, மற்றக் கிருமிகள் பெருக வழி செய்கிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இப்படித் தடம் புரளும் சண்டையை இன்னும் மோசமாக்குபவை முக்கியமாக இரண்டு: புகையிலை, கட்டுப்படாத சர்க்கரை. 2018-இல் வெளியான உலகளாவிய வகைப்பாட்டில், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. 7 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தாலே, ஈறுநோய் வேகமாக முற்றும் தரத்தில் வைக்கப்படுகிறது. மறுபக்கமும் உண்டு: ஈறுக்கு ஒழுங்காகச் சிகிச்சை செய்தால் மூன்று நான்கு மாதத்தில் அந்த எண் சராசரியாக 0.4 சதவீதப் புள்ளி குறைகிறது. சர்க்கரை டாக்டரிடம் ஈறைப் பற்றியும், பல் டாக்டரிடம் கடைசி எச்.பி.ஏ.1.சி. எண்ணையும் மறக்காமல் சொல்லுங்கள்.

அம்லோடிபின் சிலருக்கு ஈறைத் தடிக்க வைக்கும். பற்களுக்கு நடுவே ஈறு முண்டு முண்டாகப் பல்லின் மேல் ஏறினால் சந்தேகப்படுங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். மாற்று மருந்து உண்டா என்று பிரஷர் டாக்டரைக் கேளுங்கள். சுத்தம் கூடினாலே தடிப்பு ஓரளவு குறையும்.

மெடிக்கல் ஷாப் மாத்திரை ஏன் கைவிட்டது? கிருமிகள் தனித்தனியே மிதப்பதில்லை. பிசின் போன்ற படலத்துக்குள் ஒட்டி வாழ்கின்றன. மருந்து அதற்குள் போதிய அளவு ஊடுருவாது. செத்த கூழுக்குள் ரத்த ஓட்டமே இல்லை, மருந்து அங்கே போய்ச் சேரவே சேராது. சுற்றியுள்ள வீக்கம் வற்றும், மூலம் அப்படியே கிடக்கும். மறுபடி அதே மாத்திரையை வாங்காதீர்கள்.

கிளீன் பண்ணினால் பல் ஆடும் என்ற பயம் சென்னையில் வீட்டுக்கு வீடு இருக்கிறது. உண்மையில் எலும்பு ஏற்கெனவே போயிருக்கும். காரை சிமெண்ட் போல இரண்டு மூன்று பற்களை ஒட்டிப் பிடித்திருக்கும். அதை எடுத்ததும் மறைந்திருந்த ஆட்டம் தெரிகிறது. வீங்கிய ஈறு வற்றிக் கீழே இறங்குவதால் வேர் வெளியே தெரிந்து பல் கூசும், பல்லுக்கு நடுவே இடைவெளி விழுந்தது போல இருக்கும். கூச்சம் சில வாரங்களில் தணியும். அழற்சி அடங்கியதும் பல ஆடும் பற்கள் கொஞ்சம் இறுகும். போரிங் தண்ணீரால் காரை படிகிறது என்பதும் சரியல்ல. காரைக்குத் தேவையான கால்சியமும் பாஸ்பேட்டும் உமிழ்நீரிலேயே இருக்கின்றன. உமிழ்நீர்ச் சுரப்பிகளின் குழாய் திறக்கும் இடங்களுக்கு அருகே, அதாவது கீழ் முன்பற்களின் உள்பக்கமும் மேல் கடைவாய்ப் பற்களின் கன்னப்பக்கமும், அது சீக்கிரம் படிவது அதனால்தான்.

டீப் கிளீனிங் என்பது ஈறுக்கு மேல் தெரியும் காரையை எடுக்கும் சாதாரண ஸ்கேலிங் அல்ல. மரத்துப்போக ஊசி போட்டு, ஈறுக்கடியில் வேரின் மேல் ஒட்டியதை எடுப்பது. வாயை நான்கு பகுதியாகவோ இரண்டாகவோ பிரித்துச் செய்வார்கள். காலை நேரமாகக் கேட்டு வாங்குங்கள். சாப்பிட்டு, சர்க்கரை மாத்திரையும் வழக்கம்போலப் போட்டுக்கொண்டு போங்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் போன்றவை எடுத்தால் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் மறுபடி ப்ரோப் வைத்து அளக்க வேண்டும். அந்த இரண்டாவது அளவுதான் சிகிச்சை பலித்ததா என்று சொல்லும். அப்போதும் 6 மி.மீ. பள்ளமும் ரத்தமும் மிஞ்சினால் ஈறைத் திறந்து செய்யும் அறுவை தேவைப்படலாம். பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பராமரிப்புச் சுத்தம். முடிந்தது என்று விட்டுவிட்டால் பள்ளம் திரும்பும். தனியாரில் செலவு தாங்காது என்றால் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஈறுநோய்க்குத் தனிப் பிரிவே இருக்கிறது.

வீட்டில் செய்ய வேண்டியதில் முக்கியம் பல்லிடுக்கு. பிரஷ் அங்கே நுழையாது. ஆலங்குச்சி, வேலங்குச்சியும் நுழையாது. ஈறுநோய் ஆழமாவது பெரும்பாலும் அங்கேதான். பாட்டில் கழுவும் பிரஷ்ஷின் குட்டி போல இருக்கும் இடுக்கு பிரஷ் மருந்துக் கடைகளில் கிடைக்கும். லேசாக இறுக்கமாக நுழையும் அளவே சரி. தொளதொள என்று போனால் பயனில்லை, திணித்தால் ஈறு கிழியும். ஒரே வாய்க்கு இரண்டு மூன்று அளவுகள் தேவைப்படும். எது எங்கே என்று டாக்டரையே போட்டுக் காட்டச் சொல்லுங்கள். இரவில் முதலில் அது, பிறகு மென்மையான பிரஷ்ஷை ஈறு விளிம்பில் 45 டிகிரி சாய்த்து, சிறு அசைவுகளாக 2 நிமிடம்.

குளோர்ஹெக்ஸிடின் 0.2 சதவீதக் கொப்பளிப்பு மருந்து கொடுத்தால் 10 மி.லி., ஒரு நிமிடம், இரண்டு வேளை, இரண்டு வாரம் மட்டும். பேஸ்ட்டில் உள்ள நுரைப்பொருள் அதன் வேலையைக் கெடுக்கும் என்பதால் துலக்கி அரை மணி நேரம் விட்டுக் கொப்பளியுங்கள். கொப்பளித்த கையோடு காபி குடித்தால் பல்லில் கறை ஏறும். உப்புத் தண்ணீர் இதமாக இருக்கும், ஆனால் 5 மி.மீ. பள்ளத்தின் அடிக்குப் போகாது. செங்கல் பொடி, கரித்தூள் கட்டாயம் வேண்டாம். ஈறு இறங்கி வெளியே வந்த வேரை அவை அரித்துவிடும்.

அண்ணனையும் ஒருமுறை கூட்டிக்கொண்டு போங்கள். பல் ஆடவில்லை என்பதை வைத்து அவர் வாய் நன்றாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. பாக்கும் புகையிலையும் கன்னத்தின் உள்தோலைக் கெடுக்கும். காரம் பட்டால் எரிகிறதா, வாயை விரித்தால் தன் மூன்று விரல்கள் அடுக்காக நுழைகின்றனவா, வெள்ளைத் திட்டோ சிவப்புத் திட்டோ இருக்கிறதா, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண் உண்டா என்று கேளுங்கள். எதற்காவது பதில் சங்கடமாக இருந்தால் உங்கள் வீக்கத்தைக் காட்டப் போகும் அதே நாளில் அவரையும் காட்டிவிடுங்கள்.